மறுகா என்று கேட்ட அக்கா

கொழும்பிலிருந்து வந்த முதலாவது குறுஞ்செய்தியை அக்கா எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

“அன்புடைய பங்கேற்பாளரே, எதிர்வரும் வார இறுதியில் மதுபானம் அருந்துவதற்கான திட்டம் ஏதேனும் தங்களிடம் உள்ளதா? ஆம் எனில் ஒன்றையும், இல்லை எனில் இரண்டையும் பதிலாக அனுப்பவும்.”

வாசித்து முடித்ததும் போனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இத வாசிச்சா எனக்கே ஒரு கிளாஸ் வேணும் போல இரிக்கி புள்ள.”

அவர் வாயால் நான் கேட்ட முதல் பகிடி அது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கணினித் திரையைப் பார்த்தபடி இருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை.

கல்லடியில், பிரதான வீதியோரம் ஒரு தையல் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இரண்டு மேசை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. பின்பக்க ஜன்னலால் வாவி தெரியும், முன்பக்க ஜன்னலால் பஸ் தரிப்பிடம் தெரியும். வேலை இதுதான்: குடித்துவிட்டு விழுந்தோ, அடிபட்டோ ஆஸ்பத்திரிக்கு வருகிற இளம் ஆட்களிடம், காயத்துக்கு மருந்து கட்டி முடிந்ததும் ஒரு தாதி பேசுவார். கிழமைக்கு இரண்டு தடவை உன் போனுக்கு ஒரு கேள்வி வரும், பதில் போட விருப்பமா என்று கேட்பார். விருப்பம் என்றால் ஒரு புனைபெயர் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை ஒரு கேள்வி போகும்: இந்த வார இறுதியில் குடிக்கிற யோசனை இருக்கிறதா, எவ்வளவோடு நிறுத்தப் போகிறாய்? ஞாயிற்றுக்கிழமை மற்றக் கேள்வி: என்ன நடந்தது? தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் குடி குறையும் என்பது திட்டக்காரரின் நம்பிக்கை. போன் இலக்கங்கள் கணினிக்குள் பூட்டிக் கிடக்கும். எங்கள் திரையில் புனைபெயர் மட்டும்தான் வரும்.

நான் கணினியைப் பார்க்க எடுக்கப்பட்டவள். அக்கா உளவளத்துணையாளர். காத்தான்குடியில் என் உம்மா, நான் செய்வது கம்பியூட்டர் வேலை என்று மட்டும் அயலில் சொல்லி வைத்திருந்தார். குடிகாரருக்கு மெசேஜ் அனுப்புகிற வேலை என்று தெரிந்தால் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று அவருக்குப் பயம். எங்கள் முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். அக்கா என்று நான் வாய் நிறையக் கூப்பிட்ட ஒரே ஆள் இவர்தான். அதனால் இங்கே பெயர் எழுதாமல் அக்கா என்றே எழுதுகிறேன்.

கொழும்பு வசனத்துக்கு எங்களுக்கு வந்த பதில்களை வெளியே சொல்ல முடியாது. ஒருவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கங்களை வரிசையாக அனுப்பிக்கொண்டே போனான். இன்னொருவன், “சேர், எந்த பார்ல சந்திப்பம்?” என்று கேட்டிருந்தான். அக்கா அடுத்த வியாழக்கிழமைக்கு வேறு வசனம் எழுதினார்.

“வெள்ளிக்கிழமை வருது மனே. என்ன யோசின?”

மனே என்பது எங்கள் பக்கத்தில் மகனே என்பதன் சுருக்கம். பெற்றவர்கள்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, கடையில் மீன் விற்கிற கிழவியும் கூப்பிடுவாள். அந்த வசனம் போன அன்று பின்னேரம் மேசையிலிருந்த போன் ஓயாமல் அதிர்ந்தது.

கொழும்புத் திட்ட அலுவலருக்கு அது பிடிக்கவில்லை. பரிசோதித்துப் பார்த்த வசனத்தை நீங்கள் எப்படி மாற்றலாம் என்று போனில் சத்தம் போட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அலுவலர் ஒரு மூச்சு விட்ட நேரத்தில், “மறுகா?” என்றார் அக்கா. அலுவலர் மீண்டும் தொடங்கினார். நடைமுறை, அனுமதி, நிதி தருபவர்கள். “மறுகா?” அலுவலரின் குரல் இறங்கியது. “சரி, பதில் வருதா?” என்று கேட்டார். “வருது” என்றார் அக்கா. “அப்ப அனுப்புங்க” என்று வைத்துவிட்டார்.

பிறகு என்பதைத்தான் நாங்கள் மறுகா என்கிறோம். யாழ்ப்பாணத்தார் கேட்டால் சிரிப்பார்கள். எல்லோர் வாயிலும் அது கதையை நீட்டுகிற ஒரு சொல். அக்காவின் வாயில் அது ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதைப் போல இருக்கும். கேட்டுவிட்டு அவர் வேறொன்றும் சொல்லமாட்டார். எதிரிலிருப்பவர் பேசாமல் இருந்தால் தானும் பேசாமல் இருப்பார். அந்த மௌனம் எங்களுக்குக் கூசும், அவருக்குக் கூசாது. தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு ஒரு பொடியனின் பதிலுக்காகக் காத்திருந்து அது ஆறிப்போய், ஆறியதையே குடிப்பார். மனிதருக்குப் புத்தி சொல்வதை அவர் அறவே வெறுத்தார். “புத்தி சொல்ல அவனுக்கு ஊரே இரிக்கி. கேக்கத்தான் ஆள் இல்ல” என்பார்.

கரண்டு என்று பெயர் வைத்திருந்த ஒருவன் கலியாண வீடுகளுக்கு மின்விளக்குப் போடுகிறவன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எழுதினான்.

“இண்டைக்கு கலியாண வீடு. குடிக்காம இரிக்க ஏலா.”

“மறுகா?”

“லைட் போட்டு முடிய பொடியனுகளோட இரிப்பம்.”

“மறுகா?”

“ஆடுவம்.”

“மறுகா?”

“விழுவன். ஹிஹி.”

“மறுகா?”

கீழே தையல் இயந்திரம் ஓடி நின்று மறுபடி ஓடியது.

“அம்மா வந்து தூக்குவா.”

நானாக இருந்தால் அந்த இடத்தில் பெரியதொரு பிரசங்கம் எழுதியிருப்பேன். அக்கா விரலை அசைக்கவில்லை. சற்று நேரத்தில் அவனே எழுதினான்.

“அம்மாக்கு முதுகு ஏலா. நான் ரெண்டோட நிப்பாட்டுறன்.”

“சரி மனே. ஞாயிற்றுக்கிழமை கேக்கிறன்.”

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தபோது அவனுடைய பதில் இருந்தது. “நாலு.” அதற்குக் கீழே, “ஆனா விழல்ல.” அக்கா அதை வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்த மகனின் புள்ளிகளைக் காட்டுகிற தாயைப் போல என்னிடம் நீட்டினார்.

எல்லாம் இப்படி முடிந்துவிடவில்லை. சிங்கம் என்று ஒருவன் இருந்தான். கூட்டாளிகளோடு பாசிக்குடாவுக்குப் போகிறோம், பைக்கில் போகிறோம் என்று எழுதியிருந்தான். அக்கா வழக்கம்போல மறுகா என்று கேட்டார். பதில் இல்லை. திங்கட்கிழமை தாதி போன் எடுத்துச் சொன்னார். குடிவெறியில் திரும்பி வரும்போது வீதியில் படுத்துக் கிடந்த மாட்டில் மோதியிருக்கிறான். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “‘குடிச்சிட்டு பைக் ஓடாத’ எண்டு ஒரு வரி எழுதினா உங்கட கை தேஞ்சிருமா அக்கா?” என்று கேட்டேன்.

“எழுதியிருக்கலாம்” என்றார் அக்கா. அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். சிங்கத்தின் தாய், மெசேஜ் அனுப்பி என்னத்தக் கண்டீங்க என்று வார்ட்டில் எல்லோர் முன்னாலும் ஏசியிருக்கிறாள். அக்கா கட்டிலடியில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, மறுநாளும் போனார். அவன் வீட்டுக்குப் போகும்வரை போய்க்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பைக் என்ற சொல் எந்தப் பதிலில் வந்தாலும் அக்கா உடனே எழுதுவார்: “சாவிய ஆரிட்ட குடுக்கப் போற?” பெயரை வாங்காமல் விடமாட்டார். அப்போதும் அது கேள்விதான்.

தன்னைப் பற்றி அவர் பேசியதில்லை. களுதாவளையிலிருந்து பஸ்ஸில் வருவார். தகப்பன் போட்டுவிட்டுப் போன வெற்றிலைத் தோட்டம் ஒன்று இருப்பதும், தகப்பன் இறந்த அன்று தான் கொழும்பில் ஒரு பயிற்சியில் இருந்ததும் எப்போதோ தற்செயலாக வாயிலிருந்து விழுந்தவை. தாய் முன்னரே இறந்துவிட்டார். மத்தியானத்தில் நாங்கள் சாப்பாட்டை மாற்றிக்கொள்வோம். என் உம்மாவின் இறைச்சிக் கறி அங்கே போகும், அவருடைய கீரைக் கடையல் இங்கே வரும். ஒருநாள் அவருடைய சொல்லாலேயே அவரைப் பிடிக்கப் பார்த்தேன்.

“வீட்டில ஆர் அக்கா இருக்காங்க?”

“நானும் தம்பியும்.”

“மறுகா?”

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். “மறுகா ஒண்டுமில்ல” என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

வெளிநாட்டுப் பணம் நின்றதும் அந்தத் திட்டமும் நின்றுபோனது. அக்காவுக்கு முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வேலை கிடைத்துப் போனார். எனக்குக் கலியாணமாயிற்று. கொஞ்சக் காலம் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்பிக்கொண்டோம். பிறகு என் போன் பழுதாகி இலக்கங்கள் அழிந்தன. அவரும் இலக்கத்தை மாற்றியிருக்க வேண்டும். அந்த மேல்மாடியில் இப்போது ஒரு ரியூஷன் வகுப்பு நடக்கிறது. கல்லடிப் பாலத்தால் போகும்போதெல்லாம் நான் தலையை உயர்த்திப் பார்ப்பதுண்டு. வியாழக்கிழமைப் பின்னேரங்களில், வீட்டில் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில் எங்கேயாவது ஒரு போன் மேசையில் அதிர்ந்தால், எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்று கை துடிக்கும். எத்தனை பொடியன்கள், எத்தனை பெயர்கள். கரண்டு, சிங்கம், ராஜா, குட்டித்தம்பி. விரால்.

விராலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவன் பிந்திச் சேர்ந்தவன். ஒரு மதிலிலிருந்து விழுந்து தலை உடைந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். மற்றவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவார்கள். இவன் தமிழிலேயே, முழு வசனமாக எழுதுவான். முதல் வியாழக்கிழமைக் கேள்விக்கே நீளமாகப் பதில் போட்டான்.

“எனக்கு வெள்ளி சனி எண்டு இல்ல. ஆரும் கூப்பிட்டும் குடிக்கிறல்ல. தனியத்தான்.”

“மறுகா?”

“வீட்ட போனா சத்தம் இல்ல. அதான்.”

“வீட்ட ஆர் மனே?”

“ஒரு அக்கா. என்னோட கதைக்கிறல்ல. சோறு போட்டு மூடி வைப்பா. நான் திண்டிட்டு கோப்பையக் கழுவி வைப்பன். அவ்வளவுதான் எங்கட கதை.”

பக்கத்தில் நின்று நானும் அதை வாசித்தேன். இப்படிப்பட்ட வீடுகள் எங்களுக்குப் புதிதில்லை. அக்கா அன்றைக்கு மேலே எதுவும் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை கதைப்போம் என்று எழுதி முடித்துக்கொண்டார். எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. பிறகும் சில கிழமைகள் அவன் எழுதினான், அவர் கேட்டார். குடிக்கிற அளவு கொஞ்சம் குறைந்துகொண்டு வந்தது. பின்னேரங்களில் கடற்கரைக்குப் போய்க் கரைவலை இழுக்கிறவர்களோடு நிற்பதாக எழுதினான். வலை இழுத்த அன்று குடிக்கத் தோன்றவில்லையாம்.

ஒரு திங்கட்கிழமை காலை நாங்கள் கதவைத் திறந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் அவனிடமிருந்து செய்தி வந்தது.

“அப்பாட முப்பத்தொண்டு அண்டு நான் வெறியில வந்து ஐயர்ட முன்னுக்கு விழுந்தன். சனமெல்லாம் பாத்திச்சு. அண்டையிலிரிந்துதான் அக்கா கதைக்கிறல்ல.”

முப்பத்தோராம் நாள் கிரியையில், பிண்டம் வைக்க வேண்டிய மகன் வெறியில் விழுவதென்றால் எங்கள் பக்கத்தில் அது குடும்பத்துக்கே தலைக்குனிவு. அக்கா வெகுநேரம் கழித்துத்தான் அந்த ஒரு சொல்லை அடித்தார்.

“மறுகா?”

“நீ மெசின்தானே. உனக்குச் சொன்னா என்ன.”

அக்காவின் விரல்கள் அவசரமாக எழுத்துகளைத் தேடின. எங்களிடம் யார் கேட்டாலும், நாங்கள் மனிதர்கள், கல்லடியில் இருந்து எழுதுகிறோம் என்று அவர் மறைக்காமல் சொல்லிவிடுவார். விரால் அதுவரை கேட்டதில்லை. அவர் அடித்து முடிக்குமுன் அவனுடைய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

“அப்பா சாகக்குள்ள நான் மட்டுந்தான் பக்கத்தில. அக்கா கொழும்பில பயிற்சிக்குப் போயிருந்தா.”

“புள்ள எங்க, புள்ள எங்க எண்டு கேட்டுக்கொண்டே இரிந்தார். நான் அக்காக்கு போன் எடுத்தன். எடுத்தன். எடுத்தன். போன் ஓஃப்.”

“அப்பாட்ட சொன்னன், அக்கா வந்துகொண்டிரிக்கா, செங்கலடி தாண்டிட்டா எண்டு. வாசலப் பாத்துக்கொண்டே போனார்.”

“அக்கா வந்து என்ன ஏசினா. ஏன் எனக்கு நேரத்துக்கு அறிவிக்கல்ல எண்டு. நான் போன் எடுத்த கதைய சொல்லல்ல. அப்பா கேட்டதையும் சொல்லல்ல. நித்திரையில போயிட்டார் எண்டன். சொன்னா அவ உசிர் இரிக்குமட்டும் அழுவா. அத நான் வச்சிரிக்கன். வச்சிரிக்க ஏலாட்டிக் குடிக்கன்.”

அக்கா போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொழும்புப் பயிற்சி. களுதாவளையில் ஒரு தம்பி. நானும் போய் ஒரு படி மேலே உட்கார்ந்தேன்.

“இலக்கத்தத் திறந்து பார்க்கட்டா அக்கா? வேற ஆளாயும் இருக்கலாம்.”

“வேணாம் புள்ள. அவன்தான்.”

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“அவன்ட நெத்தித் தையலையும் கண்டன். சோறு மூடி வைக்கிற கதை எழுதக்குள்ளயே மனசு சொல்லிச்சு. வேற வீட்டிலயும் சோறு மூடி வைப்பாங்கதானே எண்டு இரிந்தன். அப்பிடி நினைக்க விருப்பமா இரிந்திச்சு. நான் இந்த வேலைக்கு வந்தது அவனுக்குத் தெரியா. அவன் எனக்கு எழுதுறான், நான் வாசிக்கன். வீட்ட போனா முகம் குடுக்கிறல்ல.” சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தார். “ஊர்ப் பொடியனுகளெல்லாத்திட்டயும் மறுகா மறுகா எண்டு கேட்ட எனக்கு, அவன் விழுந்து கிடக்கக்குள்ள ஏன் மனே எண்டு கேக்க வாய் வரல்ல. மானம் போச்செண்டு கதவப் பூட்டிட்டன்.”

நான் அவரைத் தொட்டேன். அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்தது.

அந்தக் கிழமை விராலின் பதில்களை என்னிடம் ஒப்படைத்தார். தன்னால் இனி வாசிக்க முடியாது, அது திருட்டு என்றார். நான் என்னால் இயன்றவரை அக்காவைப் போல எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்குள் அவன் கண்டுபிடித்துவிட்டான். “நீ வேற ஆள். பழைய மெசின் எங்க?” அதற்குப் பிறகு அவனிடமிருந்து பதில் வரவில்லை.

“நீங்களே எழுதுங்க அக்கா. ஆனா ஆர் எண்டு சொல்லாதீங்க” என்றேன். “சொன்னா எழுதுறத நிப்பாட்டிருவார். இப்பதான் குறைச்சுக்கொண்டு வாறார். கெட்டுப் போயிரும்.”

“மெசின் எண்டு நினைச்சுத்தான் அவன் சொன்னவன். அக்காக்குச் சொல்லல்ல.”

“நல்லதுக்குத்தானே அக்கா மறைக்கிறீங்க.”

“அவனும் நல்லதுக்குத்தான் மறைச்சவன். பாரன், எங்க கொண்டுவந்து விட்டிரிக்கி.”

அவர் நீளமாக ஏதோ அடித்தார், அழித்தார். மீண்டும் அடித்தார். கடைசியில் போனது இவ்வளவுதான்: “நான் மெசின் இல்ல. உன்ட அக்கா. நீ எழுதினத வாசிச்சிட்டன்.”

அனுப்பிவிட்டு அன்று நேரத்துக்கே வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்து சொன்னார், தம்பி ஒரு பையில் உடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கதிரவெளியில் அவனோடு படித்த ஒருவன் படகு வைத்திருக்கிறான், அங்கே கடலுக்குப் போகிறானாம் என்று யாரோ மூலம் தகவல் கிடைத்தது.

கிழமைகள் போயின. வியாழன், ஞாயிறு என்று எல்லோருக்கும் போகிற கேள்வி விராலுக்கும் போய்க்கொண்டிருந்தது. தொடர்ந்து பதில் போடாதவர்களின் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. நான் எடுக்கவில்லை. அக்காவும் எடுத்துவிட்டாயா என்று கேட்கவில்லை. மற்றப் பொடியன்களோடு அவருடைய வேலை நிற்கவில்லை. முன்பைவிட நிதானமாகத்தான் கேட்டார். ஆனால் ஒவ்வொரு தடவை போன் அதிரும்போதும் பெயரைப் பார்க்குமுன் ஒரு கணம் தயங்குவார்.

“ஒருக்கா கதிரவெளிக்குப் போய்ப் பார்ப்பமே. நானும் வாறன்” என்று சொல்லிப் பார்த்தேன்.

“வீட்டில இரிக்க ஏலாமத்தான் அங்க போனவன். அங்கயும் நான் போய் நிண்டா அவன் எங்க போற?”

அவர் செய்தது சரியா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கெஞ்சிக் கூப்பிட்டாலென்ன, போய்க் காலைப் பிடித்தாலென்ன என்று மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். கடலில் படகு கவிழ்ந்தது என்று பேப்பரில் ஒரு செய்தி வந்த அன்று அவர் ஒரு வாய் சோறு தின்னவில்லை. அது கதிரவெளிப் படகில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் கேள்விகளை அனுப்பி முடித்து நாங்கள் கை கழுவி வந்த நேரம். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வெயிலில் கறுத்த ஒரு இளைஞன் வாசலில் நின்றான். நெற்றியில் பழைய தையல் தழும்பு. கையில் போனைப் பிடித்திருந்தான்.

“இஞ்சதானா இந்த மெசேஜ் அனுப்புற? ஆஸ்பத்திரியில கேட்டுத்தான் வாறன்” என்று என்னிடம் சொன்னான்.

அக்கா ஜன்னலடியில் நின்றார். திரும்பினார். கேள்வி கேட்பதில் கெட்டிக்காரியான அந்த மனுசி, இப்போது ஏதாவது கேட்பார் என்று நான் நினைத்தேன். எப்படி இருக்கிறாய், எப்போது வந்தாய், குடிக்கிறாயா, ஏதாவது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. பேசத் தொடங்கினார்.

“போனை நான்தான் ஓஃப் பண்ணி வச்சிரிந்தன். வகுப்பில போன் அடிக்கக் கூடாதெண்டு சொன்னவங்க. அப்பாக்கு ஏலாம இரிக்கி எண்டு தெரிஞ்சும் ஓஃப் பண்ணினன். முன் வரிசையில இரிந்தன். நல்ல பேர் எடுக்கோணும் எண்டு. பின்னேரம் திறக்கக்குள்ள சித்தப்பாட போன் வந்திச்சு. பஸ்ஸில வரக்குள்ள எனக்கு என்னில இரிந்த கோவத்த எங்க வைக்கிற எண்டு தெரியல்ல. வாசல்ல உன்னக் கண்டன். உன்னில வச்சிட்டன். நீ விழுந்த அண்டு எனக்கு உள்ளுக்க ஒரு நிம்மதி மனே. பாத்தீங்களா, இவன்தான் பிழை எண்டு. இனி ஒருத்தரும் என்னக் கேக்கமாட்டாங்க எண்டு.”

இப்படி அவர் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. குரல் உடையவில்லை. தம்பி நிலத்தைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டான். நான் எழுந்து வெளியே போகலாமா என்று பார்த்தேன், வாசலை அவன் மறித்துக்கொண்டு நின்றான்.

“அப்பா கேட்டது மட்டுமில்ல” என்றான் கடைசியில். “உனக்குச் சொல்லச் சொல்லி ஒண்டு சொன்னார். அதையும் நான் சொல்லல்ல.”

அக்கா கைப்பையை எடுத்தார். “புள்ள, பொடியனுகள் எழுதுவானுகள். இண்டைக்கு நீ பார்” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவனுக்குப் பின்னால் படியிறங்கினார்.

அன்றைய பதில்களுக்கெல்லாம் நான்தான் எழுதினேன். கரண்டு, நீங்க வேற ஆள்போல இரிக்கி என்றான். ஓம் என்றேன்.

விரால் அதோடு குடியை விட்டுவிட்டான் என்று சொன்னால் பொய். கதிரவெளியில்தான் தொடர்ந்து தொழில் செய்தான், சில ஞாயிறுகளில் வீட்டுக்கு வருவான். நல்லாகவும் வருவான், வெறியிலும் வருவான் என்று அக்கா சொல்வார். “வெறியில வந்தாலும் வாறான்தானே புள்ள. படுத்து எழும்பினாப் பிறகு கதைக்கிறம்.” அந்தப் பெயரில் எங்கள் போனுக்குப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. அக்காவே சொல்லி நான் அதைக் கணினியிலிருந்து எடுத்தேன். தகப்பன் சொல்லச் சொன்னது என்ன என்று அக்கா என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த வியாழக்கிழமை அவர்கள் இறங்கிப் போனதும் முன்பக்க ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். இருவரும் எதிர்ப்பக்கத் தரிப்பிடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலம் அது. கல்முனைப் பக்கம் பஸ் வருவது அரிது, வந்தால் சனம் அடிபட்டு ஏறும். ஒரு பஸ் வந்தது. காத்து நின்றவர்கள் எல்லோரும் ஓடிப்போய்த் தொங்கிக்கொண்டு ஏறினார்கள். அது போனபின் பார்த்தேன். அவர்கள் இரண்டு பேர் மட்டும் அந்த வாங்குப் பலகையில் இருந்தார்கள். தம்பி கைகளை அசைத்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா முழு உடம்பையும் அவன் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

நான் வேலை முடித்து, கதவைப் பூட்டி, கீழே இறங்கும்போது அடுத்த பஸ் வந்து நின்றது. நான் ஏறிக்கொண்டேன். அவர்கள் எழும்பவில்லை.